நுனியில் ஒரு கெப்பாசிட்டர்: மேல்முறையீட்டு நாட்குறிப்பு

மார்ச் 9
ஆன்டெனாக் கையின் நுனியில் கெப்பாசிட்டர் வைக்கும் என் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டிருந்தேன். இறுதி நிராகரிப்பு வந்துவிட்டது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு: துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானாம். காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கையில் இரண்டு பழைய காப்புரிமைகள். ஒன்றில் ஆன்டெனாவின் ஃபீட் (ரேடியோ வந்து இணையும் இடம்) அருகே ஸ்விட்சும் கெப்பாசிட்டர்களும். மற்றதில் வளைந்த ஆன்டெனாக் கை மட்டும். கெப்பாசிட்டரை நுனிக்குக் கொண்டுபோவது வெறும் இடமாற்றம் என்கிறார். துணைக்கு 1950-இல் வந்த ஹைட்ராலிக் பிரஸ் வழக்கு: ஸ்டார்ட் ஸ்விட்சை இடம் மாற்றினாலும் இயந்திரம் ஓடும் விதம் மாறவில்லை, அதனால் காப்புரிமை கிடையாது. பிரஸ்ஸுக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 11
ஆத்திரம் அடங்கியபின் படித்தால், அந்த வழக்கே நம் பக்கம்தான் பேசுகிறது. ஃபீடில் வைத்தால் ஆன்டெனா அப்படியே இருக்கும், ரேடியோவுக்கும் அதற்கும் இடையே இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) மட்டும் பொருந்தும். அதே கெப்பாசிட்டரை நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டால் ஆன்டெனா இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணே கீழே இறங்கும். நுனியில் மின்னழுத்தம் வேறு உச்சத்தில் இருக்கும். ஃபீடுக்காகத் தேர்ந்த ஸ்விட்ச் அங்கே தாங்காமலும் போகலாம். இடம் மாறினால் வேலையே மாறுகிறது.

ஏப்ரல் 2
மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்தாயிற்று. வாதுரைக்கு, அதாவது நம் வாதங்களை எழுத்தில் கொடுக்க, இரண்டு மாதம். வக்கீலுக்குப் படம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, முதல் கிளெய்மில் நுனி எங்கே இருக்கு?" என்றார். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் எண்ணிட்ட வாசகம்தான் கிளெய்ம். எடுத்துப் பார்த்தேன். "ஆன்டெனாக் கையுடன் இணைக்கப்பட்ட கெப்பாசிட்டர்." அவ்வளவுதான். ஃபீடில் இருப்பதும் கையோடு இணைந்ததுதானே! அகலமாக இருக்கட்டும் என்று அப்போது சொன்னவன் நான்தான். நுனி வருவது முதலாவதைச் சார்ந்த ஏழாவது கிளெய்மில். ஆய்வாளரின் இடமாற்றப் பத்தியும் அதற்கு மட்டும் எழுதியது. ஆத்திரத்தில் கிளெய்ம் எண்ணைக் கவனிக்கவே இல்லை.

மே 29
வாதுரை போய்விட்டது. ஏழாவதுக்குத் தனித் தலைப்பு. அப்படிப் பிரிக்காவிட்டால் முதலாவதோடு சேர்ந்தே விழும், வாதுரையில் சொல்லாத வாதத்தை அப்புறம் எழுப்பவும் முடியாது. ஆக்சிலரேட்டர் பெடல் வழக்கில் வந்த 2007 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆய்வாளர்களின் கையை ஓங்கவைத்தது என்பார்கள். ஆனால் எளிதில் தோன்றும் என்பதற்குக் காரணத்தை விளக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

மறு ஆண்டு, ஜூலை 18
மேல்முறையீட்டு வாரியத்தின் மூன்று நீதிபதிகளின் தீர்ப்பு. முதல் கிளெய்ம் போயிற்று. ஏழாவதில் ஆய்வாளரின் முடிவு ரத்து. அதைத் தனிக் கிளெய்மாக எழுதி அனுப்பினார் வக்கீல். இம்முறை அகலம் பற்றி நான் வாய் திறக்கவில்லை.