ஆர்கேட் பட்டன்களில் ஒரு வீட்டுக் கண்ட்ரோலர்: இதுவரை

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்கென்றே செய்யப்படும் ஜாய்ஸ்டிக், பட்டன்களை வைத்து வீட்டு வீடியோ கேமுக்கு ஒரு கண்ட்ரோலர் கட்டி வருகிறேன். ஒயரிங் முடிந்து விளையாடவும் முடிகிறது. பெட்டிதான் பாக்கி, அதில்தான் யோசனை அதிகம்.

வாங்கியது ஜப்பானிய நிறுவனமான சான்வாவின் ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக், எட்டு ஓபிஎஸ்எஃப்-30 பட்டன்கள், ஸ்டார்ட்டுக்கும் செலக்டுக்கும் 24 மி.மீ. பட்டன்கள். 30 என்பது பட்டன் உட்காரும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். அமெரிக்க வகைப் பட்டன்களுக்குத் துளை சுமார் 28.5 மி.மீ. என்பதால், எந்த வகை என்று முடிவு செய்துவிட்டுத்தான் பலகையைத் தொட வேண்டும். ஒயர் மாட்டும் முனைகளின் அகலமும் வேறு. சான்வாவுக்கு 2.8 மி.மீ., அமெரிக்க வகைக்குப் பெரும்பாலும் 4.8 மி.மீ.

மின் வேலை வெளிப்பார்வைக்குத்தான் பயமுறுத்தும். ஆர்கேட் பட்டன் ஒரு சாதாரண சுவிட்ச். அழுத்தினால் சிக்னல் ஒயர் கிரவுண்டோடு (மின்சுற்றின் பொதுவான பூஜ்ய முனை) சேரும், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டது ராஸ்பெரி பை பீக்கோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் மென்பொருள்). பட்டனை அழுத்தாதபோது சிக்னலை மேல்நிலையில் வைத்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் சிப்புக்குள்ளேயே இருப்பதால் வெளியே எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை போர்டின் தனித்தனி இணைப்புப் பின்னுக்குப் போகிறது. மறுமுனைகளை எல்லாம் ஒரே கிரவுண்ட் ஒயரில் கோத்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்குக்கு ஐந்து ஒயர்: நான்கு திசை, ஒரு கிரவுண்ட். லீவரை மேலே தள்ளினால் அதன் அடிமுனை எதிர்ப்பக்கம் நகர்ந்து கீழ்ப்பக்க சுவிட்சை அழுத்தும். மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கும்போது இது தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

பழைய நிண்டெண்டோ என்இஎஸ் போன்ற கன்சோலுக்கு வேண்டுமென்றால் அதன் கண்ட்ரோலர் போர்டையே பயன்படுத்தலாம். உள்ளே இருப்பது 4021 ஷிஃப்ட் ரெஜிஸ்டர். எட்டு பட்டன்களின் நிலையை ஒவ்வொன்றாகக் கன்சோலுக்கு அனுப்புகிறது. அங்கேயும் பட்டன்களுக்குப் பொது கிரவுண்ட்தான். ஒயர்களை ஈயப் பற்று வைத்து ஒட்ட வேண்டும், ஆனால் ரப்பர் பட்டன் படும் கருப்புக் கார்பன் பூச்சில் ஈயம் ஒட்டாது. அதைச் சுரண்டித் தாமிரத்தை வெளியே கொண்டுவரலாம். சிப்பின் கால்களில் நேரடியாக ஒயர் வைப்பது எனக்கு இன்னும் நம்பகமாகப் படுகிறது. வைத்த ஒயர் இழுபடாமலிருக்க ஹாட் குளூ அவசியம்.

இனி பெட்டி. ஓபிஎஸ்எஃப் பட்டன்கள் அழுத்தினால் கிளிப் மாட்டிக்கொள்ளும் வகை. சில மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில்தான் அவை பிடிக்கும். தடித்த பலகை என்றால் நட் போட்டு முறுக்கும் ஓபிஎஸ்என் வகை வேண்டும். தடித்த பலகைக்கு அடியில் ஜாய்ஸ்டிக்கை மாட்டினால் லீவர் குட்டையாகி, பிடிக்கும் உணர்வே மாறிவிடுகிறது. அதனால் மேலே 3 மி.மீ. அலுமினியத் தகடு, அதற்குக் கீழே 12 மி.மீ. பிளைவுட் சட்டம் என்று வைத்திருக்கிறேன். ஜாய்ஸ்டிக் தகட்டிலேயே திருகப்பட்டிருக்கிறது; பட்டன்களுக்குக் கீழே பிளைவுட்டைத் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டேன். துளை போடும் முன் அட்டையில் வரைந்து, அதன்மேல் கையை வைத்து விரல்கள் இயல்பாக விழும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். நடுவிரல் நீளம் என்பதால் அந்த வரிசை சற்று மேலே வளைகிறது. இந்த அட்டை வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும் என்பேன், ஏனென்றால் கை வலிப்பதும் வலிக்காததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

பெட்டிக்குக் கனமும் வேண்டும். லேசாக இருந்தால் வேகமாகத் தள்ளும்போது மடியில் நகர்கிறது. அடியில் எஃகுத் தகடு ஒன்றும் ரப்பர் பாதங்களும் போடப் போகிறேன்.

லீவரின் அசைவைக் கட்டுப்படுத்தும் கேட் இப்போது சதுரம். சண்டை கேம்களில் மூலைத் திசைகள் கச்சிதமாக விழுகின்றன, ஆகவே அதை மாற்றும் எண்ணமில்லை. எண்கோணக் கேட்டில் எட்டுத் திசையும் பள்ளமாகக் கைக்குத் தெரியும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அது பிடிக்கலாம். ஸ்பிரிங்கைத்தான் மாற்ற ஆசை. லீவர் நடுவுக்கு இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும், கொஞ்சம் கடினமான ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். அடித்தகடு வெட்டி வந்ததும் யூஎஸ்பி கேபிளுக்குப் பின்பக்கம் துளை, அப்புறம் பெயின்ட்.