செடிக்கு பம்ப் வாங்குவதற்கு முன்

வீட்டுக்குள் வைத்திருக்கும் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் சாதனம் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: தண்ணீர் வாளியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், 14வது மாடியில். வரவேற்பறையில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, பாம்புச்செடி. பால்கனியில் அம்மாவின் துளசி, வெற்றிலைக் கொடி, கறிவேப்பிலை. தீபாவளி, பள்ளி விடுமுறை என்று சொந்த ஊரான தைப்பிங்குக்குக் கிளம்பினால் ஒரு வாரம் வீடு பூட்டியே கிடக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு இணையத்தில் விற்கும் பம்ப் செட்டுகள் பார்க்க அருமையாக இருக்கும். சின்ன பம்ப், டைமர், மெல்லிய குழாய்கள், சட்டியில் குத்தி வைக்கும் முனைகள். அவ்வளவுதான். ஆனால் பெட்டியோடு வரும் தாளில் பலருக்குக் கண்ணில் படாமல் போகிற விஷயம் ஒன்று உண்டு.

டைமர் பம்ப்பை நிறுத்தியதும் தண்ணீரும் நின்றுவிடும் என்றுதான் நினைப்போம். குழாய் நுனியைவிட வாளியின் நீர்மட்டம் உயரத்தில் இருந்தால் நிற்காது. குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருப்பதால், பம்ப் ஓய்ந்த பிறகும் அது கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். சைஃபன் என்பது இதுதான். வாளியின் மட்டம் குழாய் நுனிக்குச் சமமாக இறங்கும்வரை ஓட்டம் ஓயாது. எங்கள் மாடியிலேயே ஒரு குடும்பம் வாளியை அலமாரி மேல் வைத்துவிட்டுத் தைப்பூசத்துக்குப் பினாங்கு போனார்கள். வந்து கதவைத் திறந்தால் லேமினேட் தரை உப்பி எழுந்திருந்தது. கீழ்வீட்டு சீலிங்கிலும் ஈரம் இறங்கிவிட்டது.

வாடிப்போன மணி பிளாண்ட் தண்ணீர் கண்டதும் நிமிர்ந்துவிடும். தரையை மாற்ற ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். அதனால் எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும், அது கெட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். செடி கொஞ்சம் காயும் என்றால் சரி. வீடு நனையும் என்றால் வேண்டாம்.

பம்ப்தான் வேண்டும் என்றால் வாளியைத் தரையில் வையுங்கள், சட்டிகளை ஸ்டூல் மேலோ மேசை மேலோ வையுங்கள். நிரம்பிய வாளியின் மட்டத்தைவிட எல்லாக் குழாய் நுனிகளும் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால், குழாய் வாளியை விட்டு வெளியேறுவதற்கு முன், நீர்மட்டத்துக்கு மேலே ஊசியால் ஒரு சிறு துளை போடலாம். பம்ப் நின்றதும் அதன் வழியாகக் காற்று நுழைந்து இழுப்பை அறுத்துவிடும். பம்ப் ஓடும்போது துளையில் சிந்தும் நீர் வாளிக்குள்ளேயே விழ வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் ஒரு தங்கச்சி, "அக்கா, ஆப் வச்சிருக்கிறதையே வாங்கிடவா?" என்று கேட்டாள். ஆப் இருப்பதில் தப்பில்லை. வைஃபை அறுந்தாலும் அட்டவணை சாதனத்துக்குள்ளேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கோலாலம்பூரில் சாயங்கால இடி மின்னலுக்கு வீட்டு மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகி விழுவது நம் எல்லாருக்கும் பழக்கம். நாம் ஊருக்குப் போயிருக்கும்போது விழுந்தால் சுவிட்சைத் தூக்கிவிட ஆள் இல்லை. ஆகவே பேட்டரியிலும் ஓடுகிற மாதிரியாகப் பாருங்கள். வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகிப் பாருங்கள், நேரம் மறந்துபோகிறதா என்று. பவர் பேங்க்கை நம்ப வேண்டாம். இவ்வளவு சின்ன மின்சாரத்தை இழுத்தால் பல பவர் பேங்க்குகள் எதுவும் சொருகவில்லை என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும்.

என் வரவேற்பறையில் பம்ப் கிடையாது, திரிதான். நைலான் கயிற்றின் ஒரு நுனி சட்டி மண்ணுக்குள், மறுநுனி சட்டிக்குக் கீழே மூடியுள்ள டப்பாவில். மண் காயக் காய விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதைப் போலத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லை, டைமர் இல்லை, டப்பாவில் உள்ளதற்கு மேல் ஒரு சொட்டும் வெளியே வராது. பருத்திக் கயிறு சீக்கிரம் மக்கிவிடும், அதனால் நைலானோ அக்ரிலிக்கோ எடுங்கள். கயிற்றையும் மண்ணையும் முதலில் நன்றாக நனைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், காய்ந்த திரி இழுக்காது. பீஸ் லில்லிக்கு இது அப்படியே பொருந்துகிறது. பாம்புச்செடிக்கு எதுவுமே வேண்டாம், பல வாரம் தாங்கும். எப்போதும் ஈரமாக இருந்தால்தான் அதன் வேர் அழுகும். கறிவேப்பிலைக்கும் இடையிடையே மண் காய வேண்டும் என்பதால் திரி வைக்கவில்லை. பால்கனியில் மட்டும் பம்ப், அதுவும் தரையில் வைத்த வாளியோடு.

வாளிக்கு மூடி கட்டாயம். ஏடிஸ் கொசு நம் ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், நாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும் அதே காலம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குழாய் போகிற அளவுக்கு மட்டும் மூடியில் துளை போட்டு, இடைவெளியைப் பஞ்சால் அடைத்துவிடுவேன். சட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கினாலும் அதே ஆபத்துதான்.

அப்புறம், கிளம்பும் நாளில் மாட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, ஒவ்வொரு குழாய் நுனியையும் ஒரு டம்ளரில் வைத்து ஒரு சுற்று எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். பம்ப்புக்கு அருகில் உள்ள நுனியும் தாழ்வான நுனியும் கூடுதலாகக் கொடுக்கும். குழாய்களைச் சம நீளமாக வெட்டி, சட்டிகளை ஒரே உயரத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாளித் தண்ணீரில் உரம் கலக்க வேண்டாம், உப்பு படிந்து முனைகள் அடைத்துக்கொள்ளும். உரத்தை ஊரிலிருந்து வந்த பிறகு கையாலேயே போடுங்கள்.