வாரம் ஒரு சீட்டு

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் எக்ஸ்சேஞ்ச் மாணவியாக நான் இருந்தது ஒரே ஒரு குளிர்கால செமஸ்டர். ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவதோ வியாழக்கிழமை. அன்றுதான் சீட்டு கொடுக்க வேண்டும்.

அங்கே விரிவுரை தனி, பயிற்சி வகுப்பு தனி. வாரா வாரம் ஒரு கணக்குத் தாள் வரும். மாணவர்கள் அதை ‘ட்செட்டல்’ என்பார்கள், சீட்டு என்று அர்த்தம். நாலே நாலு கணக்கு. ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்தாலும் நாலாவது அசையாது. மொத்த மதிப்பெண்ணில் பாதியாவது எடுத்தால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து கொடுக்கலாம். முதல் வாரமே பக்கத்தில் இருந்த காஸல் ஊர்ப் பெண் “சேர்ந்து போடலாமா?” என்று கேட்டாள். கடைசிச் சீட்டு வரை நாங்கள்தான் ஜோடி.

துறை இருப்பது புன்சன் தெருவில், 1929-ல் திறந்த கட்டடம். வராந்தாக் கண்ணாடி அலமாரிகளில் பிளாஸ்டரில் வார்த்த வளைபரப்பு மாதிரிகள் வரிசையாக இருக்கும். புதன்கிழமை இரவுகளில் மூளை மரத்துப்போனால் எழுந்து போய் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பயிற்சி வகுப்பை நடத்தியவர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஓர் அக்கா. பேராசிரியரை ‘ஸீ’ என்று, அதாவது நீங்கள் என்று, கூப்பிட வேண்டும். இவரை ‘டூ’, நீ என்றே சொல்லச் சொன்னார்கள். எனக்கு இரண்டு வாரம் நாக்கே வரவில்லை.

மூன்றாவது வாரம் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். நோதர் வளையம் அல்லாத ஒரு வளையத்துக்கு எடுத்துக்காட்டு கொடுக்க வேண்டும். வளையம் என்றால் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற ஒரு தொகுதி. அதற்குள், தங்களுக்குள் கூட்டினாலும் வளையத்தின் எதால் பெருக்கினாலும் வெளியே போகாத உள்தொகுதிதான் சீர்மம். ஒன்றைவிட ஒன்று பெரிதாக வளரும் எந்தச் சீர்மச் சங்கிலியும் எங்காவது நின்றே தீரும் என்றால் அது நோதர் வளையம். முடிவில்லாமல் மாறிகள் உள்ள பல்லுறுப்புக்கோவைகளை எடுத்துக்கொண்டேன். முதல் மாறி உருவாக்கும் சீர்மம், முதல் இரண்டும் சேர்ந்து உருவாக்குவது, முதல் மூன்றும் சேர்ந்தது என்று சங்கிலி வளர்ந்துகொண்டே போகும். ‘இது நிற்காது என்பது தெளிவு’ என்று எழுதி முடித்தேன். அக்கா கேட்டார்: “ஏன் தெளிவு? நான்காவது மாறி முதல் மூன்றின் சீர்மத்துக்குள் இல்லை என்று எப்படித் தெரியும்?”

தெரியவில்லை. சாக்பீஸோடு நின்றேன். நான் படித்த இடங்களில் பலகை முன்னால் தெரியாமல் நிற்பது அவமானம். அதனாலேயே வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போவேன். இங்கே அக்கா மேசை விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு நிமிஷமாவது இருக்கும். யாரும் சிரிக்கவில்லை, செல்போனை எடுக்கவில்லை. எல்லோரும் என்னோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “முதல் மூன்றுக்கும் பூஜ்யம் போட்டுப் பார்” என்றான். போட்டேன். அந்தச் சீர்மத்தில் இருக்கிற எல்லாமே பூஜ்யமாகிவிடுகிறது. நான்காவதுக்கு ஒன்று போட்டால் அது ஒன்றாகவே நிற்கிறது. அப்படியானால் அது உள்ளே இருக்கவே முடியாது! எழுதி முடித்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டல் அப்படித்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு முடிந்ததும் அக்கா சொல்லித்தான் தெரியும், கணிதவியலாளர் எமி நோதர் பாடம் எடுத்தது இதே ஊரில் என்று. 1915-ல் இங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்து வந்தவர். பெண் என்பதால் 1919 வரை சொந்தப் பெயரில் விரிவுரை நடத்த உரிமை இல்லை. ஹில்பர்ட் பெயரில்தான் அறிவிப்பு வரும். 1933-ல் யூதர் என்று வேலையிலிருந்து நீக்கியபோது மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். அதுவரை எனக்கு ‘நோதர்’ என்பது வளையத்துக்கு முன்னால் வரும் ஓர் அடைமொழி மட்டும்தான்.

பலகையைத் துடைப்பதையும் சொல்ல வேண்டும். டஸ்டர் கிடையாது. பெரிய ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, ரப்பர் பட்டை வைத்த வழிப்பானால் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். முந்தின கோட்டின் மேல் கொஞ்சம் ஏறினாற்போல் அடுத்ததை இழுக்கவில்லை என்றால் வெள்ளைத் தாரை விழும். என் கூட்டாளி மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். பலகையில் ஈரம் மெல்ல மெல்லக் காய்வதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும். பழைய நகரத்தைச் சுற்றியுள்ள கோட்டை மேட்டில் நடப்போம். ஒருமுறை நகரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஹில்பர்ட்டின் கல்லில் ‘நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிவோம்’ என்று இருக்கிறது. இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் கல்லில் ஒரு சமன்பாடு.

பிப்ரவரியில் அக்கா முனைவர் ஆனார். அலங்கரித்த கைவண்டியில் உட்கார வைத்துப் பழைய நகர மன்றம் வரை இழுத்துப் போனோம். அங்கே நீரூற்றின் நடுவில் வாத்துகளோடு நிற்கும் வெண்கலப் பெண், கேன்ஸலீஸல். புது முனைவர்கள் ஏறி அவளுக்கு முத்தம் கொடுத்துப் பூ வைப்பது வழக்கம். குளிரில் விரல் விறைத்துப்போக அக்கா ஏறினார். கீழே நின்று கத்தியதில் மறுநாள் எனக்குக் குரலே இல்லை.

நேற்று இரவு காஸல்காரி இந்த வாரச் சீட்டின் நாலாவது கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒரு மணி வரை உட்கார்ந்தோம். பாதி வந்திருக்கிறது.