ஊட்னடாட்டா தடத்துக்கு ஒரு டபுள் கப்பை ஆயத்தப்படுத்தல்

அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் அண்ணாவின் டீசல் டபுள் கப்பில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தளமும் உள்ள பிக்கப் வண்டி), அண்ணியும் சேர்ந்து மூவராக, வரும் ஜூலையில் மரீயிலிருந்து மார்லா வரையான ஊட்னடாட்டா தடத்தில் போக இருக்கிறோம். ஏறத்தாழ 620 கிலோமீற்றர் நீளமான அந்த மண்பாதையில் இடையிலே எரிபொருள் கிடைப்பது வில்லியம் கிறீக், ஊட்னடாட்டா என்னும் இரண்டு சிற்றூர்களில் மட்டுமே. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு சுமார் 200 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஊருக்கு ஊர் ரயர் ஒட்டும் கடையைக் கண்டு பழகிய எனக்கு, அத்தகைய வெறுமையை மனத்தில் வாங்கிக்கொள்ளவே சில நாட்கள் தேவைப்பட்டன.

அண்ணா முதலில் கேட்டது கூடுதல் விளக்குகளையும், புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் இழுவைப் பொறியையும் பற்றி. அந்தப் பணம் முழுவதும் ரயருக்கே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் கூரிய கற்கள்தான்; ஆகவே பக்கச்சுவர் தடித்த ரயர்களும், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு உதிரிச் சில்லுகளும், ஓட்டை அடைக்கும் கருவியும், பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பும் இருக்கவேண்டும். மண்பாதையில் காற்றைச் சற்றுக் குறைத்தால் ரயர் கல்லின்மீது வளைந்துகொடுத்து வெட்டுப்படாமல் தப்பும். ஆனால் குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும் என்பதால் வேகத்தையும் குறைத்தே ஆகவேண்டும், தார்வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடிக்கவேண்டும்.

திருகோணமலை உவர்மலையில் கராஜ் நடத்தும் அண்ணர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, அலையலையாக அரித்த பாதையில் முதலில் தளர்வது பற்றரியைப் பிடித்திருக்கும் பட்டியும் சில்லு நட்டுகளும்தான் என்றார். ரேடியேற்றர்க் குழாய்களைக் கையால் அழுத்திப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் தயங்காமல் மாற்றச் சொன்னார். நுண்புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். புதியது ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பாரத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், மூவருக்கு ஐந்து நாளுக்கு 150 லீற்றர், அதாவது 150 கிலோ. ஒரு கலன் ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும்படி அதைப் பல கலன்களில் பிரித்து, கூரையில் ஏற்றாமல், வண்டியின் தளத்தில் பின்னச்சுக்கு முன்னால் கட்டவேண்டும். 20 லீற்றர் டீசல் இன்னும் 17 கிலோ. அவசியமற்ற ஒவ்வொரு பொருளும் ரயருக்கும் ஸ்பிறிங்குக்கும் சுமையே.

மழை பெய்தால் அரசாங்கம் தடத்தை மூடிவிடும். மூடிய பாதையில் ஓடுவது தண்டனைக்குரியது, ஆகவே திறக்கும்வரை காத்திருக்க நேரலாம் என்று உணவை இரண்டு நாள் கூடுதலாகவே எடுக்கிறோம். கைத்தொலைபேசி பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது என்பதால், செய்மதித் தொலைபேசியை வாடகைக்கு எடுப்பதோடு, 406 மெகாஹேர்ட்ஸில் அபாயக்குறி அனுப்பும் கருவியையும் வாங்குமாறு அண்ணாவிடம் வற்புறுத்தியிருக்கிறேன். பயணத் திட்டத்தின் ஒரு படி அடிலெய்டில் அவருடைய நண்பரிடம் இருக்கும். குறித்த நேரத்துக்குள் நாங்கள் மார்லாவிலிருந்து பேசாவிட்டால் அவர் காவல்துறைக்கு அறிவிப்பார்.