மரணத்தின் கையில் ஒரு செடி: குறியீட்டிய ஓவியத்தை வாசிக்கப் பழகிய விதம்

கலை வரலாற்றுத் தேர்வில் ஓர் ஓவியத்தைக் கொடுத்து, அதன் உணர்வுநிலையையும் உருவகப் பொருளையும் விளக்கச் சொல்லும் கேள்வியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நான் அதை விரும்பி எழுதத் தொடங்கியதற்குக் காரணம், ஃபின்லாந்து ஓவியர் ஹூகோ சிம்பெர்க் 1896-இல் வரைந்த 'மரணத்தின் தோட்டம்'. ஹெல்சின்கியின் அதெனியம் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த நீர்வண்ண ஓவியம், எந்தப் பக்கமும் 20 சென்டிமீட்டரை எட்டாத அளவில் சிறியது.

கறுப்பு அங்கி அணிந்த எலும்புக்கூடுகள் செடிகளைப் பராமரிக்கின்றன. முன்னால் நிற்கும் ஒன்று, ஒரு செடியை நெஞ்சோடு அணைத்திருக்கிறது. எலும்புக்கூட்டைக் கண்டதுமே 'மரண பயம், வாழ்வின் நிலையாமை' என்று எழுதக் கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். குறியீட்டுக்குப் பொருள் சொல்வதற்கு முன் உணர்வுநிலையை எழுதுங்கள். யார் எப்படி நிற்கிறார்கள், கைகள் என்ன செய்கின்றன, நிறங்கள் உரத்து ஒலிக்கின்றனவா, அடங்கியிருக்கின்றனவா என்று மட்டும் முதல் பத்தியில் சொல்லுங்கள். இந்த ஓவியத்தில் ஓட்டமில்லை, அலறலில்லை. வேலையில் ஆழ்ந்த தோட்டக்காரரின் அக்கறைதான் தெரிகிறது.

அச்சமூட்ட வேண்டிய உருவம் அன்போடு நடந்துகொள்கிறது. விடையின் உயிர் இந்த முரணில்தான் இருக்கிறது. ஐரோப்பிய மரபில் மரணம் அரிவாளோடு வரும். உயிர்களைக் கதிர்போல் அறுக்கும். இடைக்கால 'மரண நடன' ஓவியங்களில் அரசனையும் ஏழையையும் கைப்பிடித்து இழுத்துச் செல்லும். சிம்பெர்க் அந்த மரபை அப்படியே திருப்பிவிடுகிறார்: அறுப்பவனே இங்கே வளர்க்கிறான். அப்படியானால் செடிகள் யார்? இறந்தவர்களின் ஆன்மாக்கள் என்று வாசிக்க ஓவியம் இடம் தருகிறது. தன் படங்களுக்கு விளக்கம் தர விரும்பாத சிம்பெர்க்கே, இறந்தவர்கள் சொர்க்கத்துக்குப் போகுமுன் வந்து சேரும் இடம் இது என்று குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை விடையின் தொடக்கத்தில் போட்டுவிடாதீர்கள். படத்திலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவுக்குத் துணையாகப் பின்னால் வைத்தால்தான் மதிப்பு.

தராசு ஏந்திய பெண் என்றால் நீதி. பழைய உருவகத்தில் பொருள் முன்பே முடிவானது. சிம்பெர்க் போன்ற குறியீட்டியர்கள் (Symbolists), அதாவது உள்ளுணர்வையும் கனவையும் குறியீடுகளால் காட்ட முயன்ற கலைஞர்கள், அந்தக் கதவைத் திறந்தே விட்டார்கள். ஆகவே 'இதன் பொருள் இதுதான்' என்று அடித்துச் சொல்லாமல், ஒவ்வொரு வாசிப்புக்கும் படத்திலிருந்து ஒரு சான்று காட்டுங்கள்.

ஒப்பீடு கேட்டால் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மொரோவின் 'தோற்றம்' எனக்குப் பெரிதும் உதவியது. 1876-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் என்ற கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதுவும் நீர்வண்ணம்தான். ஆனால் ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். விவிலியக் கதையில் திருமுழுக்கு யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட சலோமியின் எதிரே, ஒளிவட்டத்தோடு குருதி சொட்ட மிதக்கிறது அந்தத் தலை. ஆடம்பரமும் பீதியும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. ஒரே ஊடகம், மரணம் என்ற ஒரே பொருள், நேரெதிர் உணர்வுகள். இந்த இரண்டையும் அருகருகே வைத்து எழுதிப் பார்த்தால், உணர்வுநிலை எப்படி உருவகத்தின் பொருளையே மாற்றுகிறது என்பது தெளிவாகும்.

சூழல் பற்றிய பகுதிக்கு இரண்டே செய்திகள் போதும். 1886-இல் கவிஞர் மொரேயாஸ் வெளியிட்ட குறியீட்டிய அறிக்கை ஒன்று. பின்னாளில் இதே தோட்டத்தைத் ஃபின்லாந்தின் தம்பேரே நகரத் தேவாலயச் சுவரில் சிம்பெர்க் பெரிதாகத் தீட்டியது மற்றொன்று. வழிபாட்டுக்கு வருவோர் பார்க்கும் சுவரில் அது இடம்பெற்றது, ஆறுதல் என்ற வாசிப்புக்கு வலுவான ஆதாரம்.

பயிற்சிக்கு அவருடைய 'காயமுற்ற தேவதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1903-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். அதற்கு அவர் விளக்கமே தரவில்லை என்பதால், முழுக்க உங்கள் கண்ணை நம்பித்தான் எழுத வேண்டியிருக்கும்.