கேட்டது துபாய், கிடைத்தது ஆறாம் வகுப்பு

மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆள்குறைப்பில் வேலை போனது. அந்த வருடம் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் மாதாவிடம் கேட்டது துபாய் வேலை. கிடைத்தது, ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போனதால் ஆறாம் வகுப்பு! "சும்மாதானே இருக்கே, போயேன்டா" என்றார் பங்குச்சாமியார். முதல் நாள் கை நடுங்கி நாலு சாக்பீஸ் ஒடிந்தது. ஆனால் பின்னத்துக்குப் பரோட்டாவைப் பிய்த்துக் காட்டிய அன்று, கடைசி பெஞ்சுப் பையன் "சார், அப்போ மூணுல ஒண்ணுதான் நாலுல ஒண்ணைவிடப் பெருசா?" என்று கண்ணை விரித்தான் பாருங்கள், அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் பி.எட்., டெட் தேர்வு எல்லாம் (அது தனிக்கதை). செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வேளாங்கண்ணித் திருவிழா நாட்களுக்குள்ளேயே வருகிறது, எனவே திருவிழா முடியும் 8-ம் தேதிக்குள் ஒருநாள் லீவு போட்டு நன்றி சொல்லப் போய்விடுவேன்.