மயங்கிக் கிடந்தவள்

கல்லூரியில் படித்த காலத்தில், டிக்கன்ஸ் 1859இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யை வாசித்தபோது, அந்த நாவலில் வரும் சிட்னி கார்ட்டனாகவே என்னை எண்ணிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கும் ஒருதலைக் காதல் ஒன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. நாவலில், தான் காதலித்த லூசி தனக்குக் கிடைக்கமாட்டாள் என்பதை அறிந்தே, அவளுக்காகவும் அவளுக்குப் பிரியமானவர்களுக்காகவும் எதையும் செய்வேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப்போன கார்ட்டன், கடைசியில் அவள் கணவனோடு பூட்ஸையும் மேலங்கியையும் மாற்றிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகத் தலைவெட்டும் கில்லட்டினுக்குப் போகிறான். அதற்கு முன், தன் தகப்பனின் கல்லறையருகே வாசிக்கப்பட்ட “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்ற இயேசுவின் வசனம் பாரிஸின் இரவுத் தெருக்களில் அவன் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறது.

என் வாசிப்பைக் கலைத்தது பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள ஓசியாவின் புத்தகம். தன்னை விட்டுப் போனவளை அந்தத் தீர்க்கதரிசி மறுபடியும் விலைகொடுத்து வாங்குகிறார். இதைச் சொல்லும் மூன்றாம் அதிகாரத்தில் அவர் மனைவி கோமேரின் பெயர் இல்லை. ஆனாலும் அவள்தான் என்பதே பலருடைய வாசிப்பு, என்னுடையதும் அதுவே. கொடுத்த விலை பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும். யாத்திராகமத்தில் ஓர் அடிமைக்குச் சொல்லப்பட்ட ஈடு முப்பது வெள்ளி என்பதை நினைத்தால், கையிலிருந்த காசு பாதிக்குத்தான் வந்தது, மீதிக்கு வீட்டுத் தானியத்தை அளந்து கொட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

கார்ட்டன் பதிலன்பு எதையும் கேட்பதில்லை என்பதால் அவனை நேசிப்பது எளிது. ஓசியாவின் தேவனோ, அந்த மனைவியைப் போலவே தம்மை விட்டுப்போன இஸ்ரவேலிடம் கேட்கிறார், கோபிக்கிறார், பிறகு “எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?” என்று அந்த மக்களுக்காகக் கலங்குகிறார். இந்தக் கலக்கத்தை நம் பிரசங்கங்கள் ஏனோ அவசரமாகக் கடந்துவிடுகின்றன. பக்தன் இறைவனுக்காக ஏங்குவதையே பாடிப் பழகிய நமக்கு, ஏங்குகிறவர் அவர் என்பது சற்றுக் கூச்சமாக இருக்கிறதோ என்னவோ.

அதன்பின் நாவலுக்குத் திரும்பியபோது, முன்பு கவனியாமல் தாண்டிப்போன ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். கணவனுக்கு மரண தண்டனை என்றானதும் லூசி மயங்கி விழுகிறாள். கார்ட்டன் அவளைத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தி, விடைபெறும் முன் குனிந்து முத்தமிட்டு ஏதோ முணுமுணுக்கிறான். “நீ நேசிக்கும் ஓர் உயிர்” என்று அவன் சொன்னது அருகில் நின்ற குழந்தைக்கு மட்டுமே கேட்டது. யாருக்காகச் சொன்னானோ அவளுக்கு நினைவே இல்லை. “நாம் பாவிகளாயிருக்கையில்” கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை மனப்பாடமாகச் சொல்வேன். அங்கே மயங்கிக் கிடப்பது நான் என்று மட்டும் இத்தனை வருடங்களாகத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்த மரணத்தை நினைவுகூரும் திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கியபோதுகூட, பைக்கைப் பூட்டினேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.